காலித் தொட்டியின் எடை

எனக்கு ஓரிடத்தில் உட்காரத் தெரியாது. காலில் சக்கரம் கட்டிக்கொண்டு பிறந்தவள் என்று வீட்டில் எல்லோரும் சொல்வார்கள். அப்படிப்பட்டவளைப் பிடித்து, ஒரு தராசுக்கு முன்னால் ஸ்டூல் போட்டு உட்காரவைத்து, தினமும் மத்தியானம் எச்சில் தொட்டிகளை எடை போடச் சொன்னால் எப்படி இருக்கும்? பல்கலைக்கழக உணவுக்கூடத்தில் எட்டு மாதமாக எனக்கு அதுதான் வேலை. அதற்கு முன்பு பதினோரு வருடம் காய்கறி இறக்கும் பொறுப்பில், லாரிக்காரர்களோடு சண்டை போட்டுக்கொண்டு நிம்மதியாக இருந்தேன். கணக்கு வரும், கையெழுத்து புரியும் என்ற இரண்டு குற்றங்களுக்காக மேனேஜர் என்னைக் கூப்பிட்டு, மேலங்கியில் குத்திக்கொள்ளப் பச்சை வில்லை ஒன்றைக் கொடுத்து, இனி நீங்கள்தான் பசுமைப் பொறுப்பாளர் என்றார். சம்பளம் அதேதான், வில்லை மட்டும் புதுசு.

எங்கள் கூடத்துக்கு ஒரு பசுமைச் சான்றிதழ் வாங்கிவிட வேண்டும் என்று மேலிடத்துக்கு ஆசை வந்துவிட்டது. விளக்கை மாற்றினால் இத்தனை புள்ளி, குழாயில் தண்ணீரைக் குறைத்தால் இத்தனை புள்ளி, பழைய எண்ணெயைச் சாக்கடையில் ஊற்றாமல் இருந்தால் இத்தனை புள்ளி என்று ஒரு பெரிய பட்டியல் வந்தது. எல்லாவற்றிலும் பெரிய புள்ளி சாப்பாட்டுக் கழிவுக்கு. மத்தியானம் ஆயிரத்து இருநூறு பேர் சாப்பிடுகிறார்கள். அவர்கள் தட்டில் மிச்சம் வைத்துவிட்டுப் போவது ஒரு நாளைக்கு நூற்றிருபது கிலோ. அதைத் தொண்ணூறுக்குக் கீழே இறக்கி, இரண்டு மாதம் தொடர்ந்து நிறுத்திக் காட்ட வேண்டும்.

இங்கே தலைமைச் சமையல்காரர் என் வீட்டுக்காரர். எல்லோருக்கும் அவர் மாஸ்டர். கோபம் வந்தால் நானும் வீட்டில் மாஸ்டர் என்றுதான் கூப்பிடுவேன். இருபத்தாறு வருடமாக இதே அடுப்பில் நிற்கிறார். சாப்பாட்டை ஜன்னல் வழியாகக் கொடுத்துவிட்டால் அதோடு சரி, பாத்திரம் கழுவும் பக்கம் எட்டிக்கூடப் பார்க்க மாட்டார். திரும்பி வரும் தட்டைப் பார்க்கிற சமையல்காரனுக்கு மறுநாள் கை ஓடாது என்பார். பெண்ணைக் கட்டிக்கொடுத்த பிறகு சம்பந்தி வீட்டு ஜன்னலை எட்டிப் பார்க்கலாமா என்று கேட்பார்.

போன வருடம் மாணவர்களிடம் கருத்துக் கேட்கிறோம் என்று வாசலில் ஒரு பலகை வைத்தார்கள். யாரோ ஒரு புண்ணியவான் அதில், சாப்பாடு அட்டை மாதிரி இருக்கிறது, அட்டைக்காவது உறுதி உண்டு என்று எழுதிவிட்டுப் போனான். கீழே பதினேழு பேர் சரி போட்டிருந்தார்கள். இவர் அதை நின்று படித்துவிட்டு உள்ளே வந்தார். அன்றைக்கு ஒன்றும் சொல்லவில்லை. மறுநாளும் சொல்லவில்லை. அப்படியே ஐந்து மாதம் போனது. வீட்டில் கேட்டதற்குப் பதில், அவ்வளவுதான். தான் சமைத்ததைத் தானே சாப்பிடுவதை நிறுத்திவிட்டார். ஒருநாள் அலமாரியில் துணி அடுக்கும்போது அவருடைய சட்டைக்கு அடியில் ஒரு கடிதம் கிடைத்தது. முன்கூட்டியே ஓய்வு வேண்டும் என்று மேனேஜருக்கு எழுதியது, தேதி மட்டும் போடவில்லை. ஐம்பத்து மூன்று வயதில் இந்த மனுஷன் வீட்டில் உட்கார்ந்து என்ன செய்வார் என்று நினைத்துக்கொண்டே அதை எடுத்த இடத்திலேயே திரும்ப வைத்தேன். அந்த மௌனத்தோடு முழு நாளும் ஒரே வீட்டில் என்னால் இருக்க முடியாது, அதையும் சொல்லிவிடுகிறேன்.

அப்போதுதான் இந்தச் சான்றிதழ் ஆசை வந்து சேர்ந்தது. கழிவைக் குறைக்க என்ன செய்யலாம் என்று மேனேஜர் கேட்டதற்கு, இவர் வேண்டாவெறுப்பாக இரண்டு யோசனை சொன்னார். ஒன்று, பரிமாறும் கரண்டியைச் சின்னதாக்குவது. வேண்டுமானால் மறுபடி வந்து வாங்கிக்கொள்ளட்டும். இரண்டு, காலையிலேயே மொத்தத்தையும் சமைத்து வைக்காமல், மூன்று தவணையாகச் சமைப்பது. ஒரு திங்கட்கிழமை இரண்டையும் ஆரம்பித்தோம். அதே திங்கட்கிழமை புதுத் தொட்டிகளும் வந்து இறங்கின. மறுசுழற்சிப் பிளாஸ்டிக்கில் செய்தவை, அதற்கும் தனியாகப் புள்ளி உண்டு. பழைய சாம்பல் நிறத் தொட்டிகளைப் பின்னறையில் அடுக்கினோம்.

முதல் வாரக் கணக்கைப் பார்த்து நானே இரண்டு தடவை கூட்டினேன். எண்பத்தாறு. அடுத்த வாரம் எண்பத்து நாலு. அதன் பிறகு அந்தப் பக்கத்திலேயே நின்றது. பாத்திரம் கழுவும் பகுதியில் எல்லோருக்கும் மூத்தவர் ஒருவர் இருக்கிறார், அவரைப் பெரியக்கா என்போம். தொட்டியைத் தூக்கிக் கழுவுகிறவர் அவர்தான். கழிவு குறைந்ததிலிருந்து தன் இடுப்புவலியும் குறைந்துவிட்டது என்று பார்க்கிறவர்களிடமெல்லாம் சொன்னார். மாஸ்டர் புண்ணியத்தில் மாத்திரையை நிறுத்திவிட்டேன் என்றார்.

இவரிடம் முதல் வாரம் எண்ணைச் சொன்னபோது நம்பவில்லை. இரண்டாவது வாரம் சாமான் கேட்கிற சாக்கில் தராசு வரைக்கும் வந்தார். மூன்றாவது வாரத்திலிருந்து இரண்டரை மணியானால் கையைத் துடைத்துக்கொண்டு என் ஸ்டூலுக்குப் பக்கத்தில் நிற்பார். எண்ணைக் கேட்டுவிட்டு, ம், என்பார். அந்த ‘ம்’மில் இருக்கிற சந்தோஷம் எனக்குத்தான் தெரியும். தட்டைப் பார்க்க மாட்டார், எண்ணை மட்டும்தான் கேட்பார். வீட்டில் பேச்சு வந்தது. குளிக்கும்போது பாட்டு வந்தது. மருந்துக்கடையில் வேலை பார்க்கிற எங்கள் மகள், எடை குறைஞ்சா சந்தோஷப்படற ஒரே சமையல்காரர் எங்கப்பாதான் என்று கிண்டல் செய்தாள். ஒரு ஞாயிற்றுக்கிழமை அலமாரியைத் திறந்து அந்தக் கடிதத்தை எடுத்து, என் கண் முன்னால் நாலாகக் கிழித்துக் குப்பையில் போட்டார். அது என்ன என்று நான் கேட்கவில்லை, எனக்கு அது தெரியும் என்பது அவருக்கும் தெரிந்திருக்கும்.

புதன்கிழமை மத்தியானம் வரைக்கும் எல்லாம் நன்றாகத்தான் இருந்தது. வியாழக்கிழமை காலை பத்து மணிக்குச் சான்றிதழ் ஆய்வு. பத்து நாளாகவே எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. நோட்டைத் திறப்பதும் மூடுவதுமாக இருந்தேன். நான் எடை போடுகிற முறை இதுதான். பதினாலு தொட்டிகளையும் ஒவ்வொன்றாகத் தராசுப் பலகையில் உருட்டி ஏற்றி, காட்டுகிற எண்ணை எழுதிக்கொள்வேன். கடைசியில் மொத்தத்தைக் கூட்டி, காலித் தொட்டிகளின் எடையைக் கழிப்பேன். ஒரு தொட்டி நாலு கிலோ எண்ணூறு. பதினாலுக்கு அறுபத்தேழு கிலோ இருநூறு. மறந்துவிடக் கூடாது என்று, இந்த வேலைக்கு வந்த அன்றே ஒரு பிளாஸ்திரியில் எழுதித் தராசின் மேல் ஒட்டியிருந்தேன்.

அன்றைக்குப் பெரியக்கா அவசரத்தில் ஒரு கழுவிய தொட்டியை வரிசையில் சேர்த்து உருட்டிவிட்டார். நானும் பழக்கத்தில் எண்ணைப் பார்த்து எழுதினேன். இரண்டு கிலோ அறுநூறு. எழுதிய பிறகுதான் உள்ளே பார்த்தேன். ஒன்றும் இல்லை, அடியில் கொஞ்சம் தண்ணீர்கூட இல்லை. காலித் தொட்டி இரண்டு அறுநூறு. பிளாஸ்திரியில் நாலு எண்ணூறு.

தொட்டியை இறக்கி, மறுபடி ஏற்றினேன். வேறொரு தொட்டியை ஏற்றினேன். பெரியக்கா, என்னம்மா தராசு ரிப்பேரா என்று கேட்டார். தராசுக்கு ஒன்றுமில்லை, ரிப்பேர் எல்லாம் என் மண்டையில்தான். தொட்டி மாறினால் அதன் எடையும் மாறும் என்று ஒரு குழந்தைக்குத் தெரியும். இரண்டு மாதமாகப் புதுத் தொட்டியை நிறுத்து, பழைய தொட்டியைக் கழித்துக்கொண்டிருந்தேன். ஒரு தொட்டிக்கு இரண்டு கிலோ இருநூறு, பதினாலு தொட்டிக்குக் கிட்டத்தட்ட முப்பத்தொரு கிலோ. எண்பத்து நாலோடு முப்பத்தொன்றைக் கூட்டினால் நூற்றுப் பதினைந்து. நூற்றிருபதிலிருந்து நூற்றுப் பதினைந்து. இவ்வளவு ஆட்டமும் பாட்டமும் அந்த ஐந்து கிலோவுக்குத்தான். பெரியக்காவின் இடுப்புவலி குறைந்ததற்கும் மாஸ்டர் காரணமில்லை, பிளாஸ்டிக்தான் காரணம்.

இரண்டரைக்கு இவர் வந்து நின்றார். எண்பத்து மூன்றரை என்றேன். வாய் தானாகச் சொன்னது. ம், என்றுவிட்டுப் போனார்.

மேனேஜரிடம் ஓடினேன். முப்பத்திரண்டு வயசுப் பையன், கெட்டவன் இல்லை, ஆனால் மேலிடத்துக்குச் சொன்ன தேதி தவறினால் தூக்கம் வராது. நான் சொன்னதைக் கேட்டு முகத்தைக் கைகளால் மூடிக்கொண்டார். கதவைச் சாத்தினார். பழைய தொட்டிகள் பின்னறையில்தானே இருக்கின்றன என்று கேட்டார். நாளைக்கு ஒரு நாள் அவற்றை எடுத்து வைத்துவிட்டால், காலித் தொட்டி நாலு எண்ணூறு காட்டும், நோட்டில் இருப்பதும் நாலு எண்ணூறு, எல்லாம் பொருந்திவிடும் என்றார். புதுத் தொட்டிகள் தோட்டத்துக்கு வாங்கியவை என்று சொல்லிக்கொள்ளலாம். அதற்கு மறுநாளிலிருந்து சரியாகக் கழித்து, மெல்ல மெல்ல எண்ணைக் குறைத்துக்கொண்டு வருவோம் என்றார்.

“முழுப் பூசணிக்காயச் சோத்துல மறைக்கச் சொல்றீங்க சார்,” என்றேன்.

“ஒரு நாளைக்கு மட்டும் மறைங்க. மாஸ்டருக்காகவாவது,” என்றார்.

அந்தக் கடைசி வார்த்தையைச் சொல்லாமல் இருந்திருந்தால் அவரோடு நன்றாகச் சண்டை போட்டிருப்பேன். மாஸ்டர் என்றதும் என் சண்டை அடங்கிவிட்டது. சான்றிதழ் கிடைத்தால் சுவரில் மாட்டுவார்கள், கிடைக்காவிட்டால் அந்த இடத்தில் நாள்காட்டி மாட்டுவார்கள், எனக்கு அதைப் பற்றிக் கவலையில்லை. இந்த மனுஷன் மறுபடியும் அந்த ஐந்து மாத மௌனத்துக்குள் போய்விடுவாரோ என்பதுதான் என் பயம். சரி என்று தலையாட்டிவிட்டு வந்தேன்.

அன்று சாயங்காலம் வீட்டில் இவர் அலமாரிக் கண்ணாடிக்கு முன்னால் நின்றார். மறுநாள் ஆய்வுக்கு வருகிறவர்களிடம், கழிவை எப்படிக் குறைத்தோம் என்று ஐந்து நிமிடம் பேச வேண்டும் என்று மேனேஜர் போன வாரமே சொல்லியிருந்தார். மகள் நாற்காலியில் ஆய்வாளராக உட்கார்ந்து, கால்மேல் கால் போட்டுக்கொண்டு, ம், அப்புறம், என்றாள். இவர் தொண்டையைச் செருமிக்கொண்டு, மரியாதைக்குரிய அம்மையீர் என்று ஆரம்பித்தார். மகள் சிரித்து உருண்டாள். அப்பா, கல்யாணப் பத்திரிகையா வாசிக்கிற என்றாள். இவரும் சிரித்துவிட்டு மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தார்.

நான் தரையில் உட்கார்ந்து பூண்டு உரித்தேன். ஒரு பூண்டு போதும். கை நிற்கவில்லை, ஒரு வாரத்துக்கு வேண்டியதை உரித்துத் தள்ளினேன். மூன்று தடவை சொல்ல வாயெடுத்தேன். முதல் தடவை, கரண்டியைச் சின்னதாக்கியதற்கு அவர் காரணம் சொல்லிக்கொண்டிருந்தார். இரண்டாவது தடவை மகள் குறுக்கே பேசினாள். மூன்றாவது தடவை அவர் என்னைத் திரும்பிப் பார்த்து, நல்லா இருக்கா என்று கேட்டார். நல்லா இருக்கு என்றேன். அதற்கு மேல் சொல்ல முடியாது என்று எனக்குத் தெரிந்துவிட்டது. எழுந்து போய்க் கை கழுவினேன், சமையலறையை இரண்டாம் முறை துடைத்தேன், கொடியில் காயாத துணியை எடுத்து மடித்தேன்.

காலையில் சீக்கிரமே போய்ப் பெரியக்காவும் நானும் பழைய தொட்டிகளை உருட்டி வந்தோம். எதற்கு என்று அவர் கேட்டார், மேனேஜர் சொன்னார் என்றேன். முதல் தொட்டியைத் தூக்கியதுமே இடுப்பைப் பிடித்துக்கொண்டு என்னை ஒரு பார்வை பார்த்தார். இருபது வருடமாகத் தொட்டி தூக்குகிறவருக்கு நான் விளக்கம் சொல்ல வேண்டியதில்லை. தொட்டியைக் கழுவ ஆரம்பித்துவிட்டார். இவர் புது ஏப்ரனைக் கட்டிக்கொண்டு அந்தப் பக்கம் வந்தவர், பழசை எதுக்கு எடுத்தீங்க என்றார். புதுசெல்லாம் கழுவி வெயிலில் வைத்திருக்கிறோம் என்றேன். கல்யாணமாகி இருபத்து நாலு வருடத்தில் அவரிடம் நான் எத்தனையோ பொய் சொல்லியிருக்கிறேன். புடவை விலை, என் தம்பிக்குக் கொடுத்தது, இப்படி. எதுவும் இதைப்போல நெஞ்சில் உட்காரவில்லை.

பத்து மணிக்கு ஆய்வுக்கு வந்தவர் ஐம்பது வயதுப் பெண்மணி. கட்டையாக வெட்டிய முடி, தோளில் துணிப்பை, அதற்குள் சொந்தமாக ஒரு டம்ளர். தேநீர் கொடுத்தால் அந்த டம்ளரில்தான் வாங்கினார். அதிகம் பேசவில்லை. குழாயைத் திறந்து எத்தனை நொடியில் குடம் நிறைகிறது என்று பார்த்தார். குளிர்பதன அறையின் ரப்பர் பட்டையை விரலால் அழுத்திப் பார்த்தார். பழைய எண்ணெய் வாங்கிப் போகிறவர்களின் ரசீதுகளை ஒவ்வொன்றாகப் புரட்டினார். அவர் பின்னால் மேனேஜர், அவர் பின்னால் இவர், கடைசியில் நான். என் கால் ஒரு நிமிடம் தரையில் நிற்கவில்லை. இந்தம்மா சீக்கிரம் தராசுக்கு வந்து தொலைக்கக் கூடாதா என்று ஒரு மனசு, வராமலே போய்விடக் கூடாதா என்று ஒரு மனசு.

தராசுக்குப் பக்கத்தில் வந்ததும் மேனேஜர், முதலில் மாஸ்டர் இரண்டு வார்த்தை பேசுவார் என்றார். இவர் முன்னால் வந்தார். கண்ணாடி முன்னால் பேசிப் பார்த்தது ஒன்றும் வாயில் வரவில்லை. கரண்டியைப் பற்றிச் சொன்னார், தவணையைப் பற்றிச் சொன்னார், பாதியில் நின்றார். பிறகு வேறு எதையோ பேச ஆரம்பித்தார்.

“போன வருஷம் நான் வேலைய விட்டுடலாம்னு இருந்தேங்க. நம்ம சாப்பாடு யாருக்கும் பிடிக்கல, எதுக்கு நிக்கணும்னு தோணுச்சு. இந்த எண்ணு குறைஞ்சப்புறம்தான் மறுபடி அடுப்புப் பக்கம் போக மனசு வந்துச்சு. இதுல தப்பு இருக்க வழியில்லங்க. எடை போடறது என் வீட்டுக்காரம்மா. எனக்காக ஒரு கிராம்கூடக் குறைச்சு எழுத மாட்டா.”

சொல்லிவிட்டு என்னைப் பார்த்துச் சிரித்தார். அந்தம்மாவும் சிரித்தார். மேனேஜர் தன் செருப்பைப் பார்த்தார்.

காலித் தொட்டி ஒன்றை ஏற்றுங்கள் என்றார் அந்தம்மா. பெரியக்கா பழைய தொட்டியை உருட்டி ஏற்றினார். நாலு எண்ணூறு. அந்தம்மா பிளாஸ்திரியைப் பார்த்தார், என் நோட்டைப் பார்த்தார், சரியாக இருக்கிறது என்று பேனாவைத் திறந்தார். எல்லாம் முடிந்துவிட்டது. நான் வாயை மூடிக்கொண்டு நின்றால் போதும், அவர் ஒரு கட்டத்துக்குள் ஒரு சரி போட்டுவிட்டு அடுத்த அறைக்குப் போய்விடுவார். என் கை போய் அந்த நோட்டை மூடியது.

“அந்தத் தொட்டி இல்லைங்க. ரெண்டு மாசமா நாங்க வச்சது வேற தொட்டி,” என்றேன்.

அதற்குப் பிறகு நான் பேசியதெல்லாம் எனக்கு முழுதாக நினைவில்லை. நானே பின்னறைக்கு ஓடி ஒரு புதுத் தொட்டியை உருட்டி வந்தேன். இரண்டு அறுநூறு. எங்கே பிசகினேன், எத்தனை நாள் பிசகினேன், எல்லாவற்றையும் ஒரே மூச்சில் கொட்டினேன். மேனேஜர் சொன்ன யோசனையை மட்டும் சொல்லவில்லை, பழைய தொட்டியை நானே எடுத்து வைத்தேன் என்றேன். அந்தம்மா திட்டவில்லை. துணிப்பையிலிருந்து ஒரு தாளை எடுத்து, நாற்பத்து மூன்று வேலை நாளுக்கும் கணக்கைத் திருத்திப் போட்டார். நூற்றுப் பதினைந்து என்று அடியில் எழுதிக் கோடு போட்டார். கழிவுக்கான புள்ளி இப்போது தர முடியாது, மற்றவை நன்றாகவே இருக்கின்றன, ஆறு மாதம் கழித்து மறுபடி விண்ணப்பிக்கலாம் என்றார். மேனேஜர் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

இவர் அந்தம்மாவிடம் ஒன்றே ஒன்று கேட்டார்.

“அப்ப, நாங்க செஞ்சதுல எவ்வளவு குறைஞ்சிருக்கு?”

“அஞ்சு கிலோ இருக்கலாம். அதையும் உறுதியாச் சொல்ல முடியாது.”

“சரிங்க. அடுப்புல வேலை இருக்கு,” என்று உள்ளே போய்விட்டார். என் பக்கம் திரும்பவில்லை.

ஆய்வால் பரிமாற அரை மணி நேரம் தாமதமானாலும், மத்தியானம் வழக்கம்போல ஆயிரத்து இருநூறு பேர் வந்தார்கள், சாப்பிட்டார்கள், வைத்துவிட்டுப் போனார்கள். தட்டுகள் திரும்பி வருகிற பெல்ட்டு பக்கத்தில் ஓடிக்கொண்டிருந்தது. பெரியக்காவும் இன்னும் இரண்டு பேரும் மிச்சத்தைத் தொட்டியில் வழித்துப் போட்டார்கள். புதுத் தொட்டிகளைத்தான் வைத்திருந்தோம். பழையவற்றைப் பெரியக்கா யாரையும் கேட்காமல் பின்னறைக்குத் தள்ளிவிட்டு வந்திருந்தார். நான் ஸ்டூலில் உட்காரவில்லை. பிளாஸ்திரியைப் பிய்த்தேன், ஒட்டிக்கொண்டிருந்த பசையை நகத்தால் சுரண்டினேன். சமையலறைக் கதவைப் பத்துத் தடவை பார்த்தேன். நான் செய்தது சரி என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். எச்சில் கணக்கில் பொய் எழுதி ஒரு மனுஷனுக்கு எத்தனை நாள் பெருமை சேர்க்க முடியும்? சரிதான். அப்புறம் ஏன் அந்தக் கதவையே பார்க்கிறேன் என்றுதான் தெரியவில்லை.

இரண்டரை ஆனது. அவர் வரவில்லை. இரண்டே முக்கால் ஆனது. போய்க் கூப்பிடலாம் என்று இரண்டடி வைத்துவிட்டுத் திரும்பினேன். மூன்று மணிக்குக் கதவைத் தள்ளிக்கொண்டு வந்தார். புது ஏப்ரனைக் கழற்றிவிட்டுப் பழையதைக் கட்டியிருந்தார். என்னிடம் எண்ணைக் கேட்கவில்லை. என்னைத் தாண்டிப் போய், பெல்ட்டுக்கு முன்னால் நின்றார். இருபத்தாறு வருடத்தில் முதல் தடவையாக அந்த இடத்தில் நின்று, ஒவ்வொரு தட்டாக வருவதைப் பார்த்தார். உருளைக்கிழங்கு பாதிக்கு மேல் தட்டில் அப்படியே இருந்தது. ரொட்டியின் ஓரத்தைப் பிய்த்துப் போட்டிருந்தார்கள். ஒரு தட்டில் எதையும் தொடவேயில்லை. பெரியக்கா மற்ற இரண்டு பேரையும் கூட்டிக்கொண்டு, தேநீர் குடிக்கப் போகிறேன் என்று நகர்ந்தார்.

நான் அவர் பக்கத்தில் போய் நின்றேன்.

“எப்பத் தெரியும் உனக்கு?”

“நேத்து மத்தியானம்.”

ஒரு தட்டை எடுத்தார். கிழங்கில் ஒரு துண்டைப் பிட்டு வாயில் போட்டுக்கொண்டார். பதறிப்போய், என்னங்க இது எச்சில், என்றேன். அவர் மெதுவாக மென்று விழுங்கினார்.

“அப்ப சாயங்காலம் நான் கண்ணாடி முன்னாடி நின்னு பேசினப்போ தெரியும்.”

“தெரியும்.”

“நல்லா இருக்குன்னு சொன்ன.”

எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. அழக்கூடாது என்று நினைத்தேன், முடியவில்லை. “பழையபடி ஆயிடுவீங்களோன்னு பயந்தேன். அதான் சொல்லல,” என்றேன்.

“அந்தம்மாகிட்ட சொன்னது தப்பில்ல. சொல்லாம விட்டிருந்தாதான் தப்பு,” என்றார். இன்னொரு தட்டை எடுத்து மிச்சத்தை வழித்துத் தொட்டியில் போட்டார். “ஆனா அவங்களுக்கு முன்னாடி என்கிட்ட சொல்லியிருக்கணும். நாலு பேர் முன்னாடி உடையறதுக்கு, வீட்டுலயே உடைஞ்சிருப்பேன்ல.”

காலையிலிருந்து நான் எதையெதையோ சரியா தப்பா என்று புரட்டிக்கொண்டிருந்தேன், இது என் புத்தியில் படவேயில்லை. தொட்டியைப் பற்றி யோசித்தேன், சான்றிதழைப் பற்றி யோசித்தேன், அவர் மனசைப் பற்றிக்கூட அவரைக் கேட்காமல் நானே யோசித்து நானே முடிவு செய்துவிட்டேன். மன்னிச்சிடுங்க என்றேன். கிழங்கு உள்ளே வேகவில்லை என்று அவர் தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். தவணையாகச் சமைக்கிற அவசரத்தில் கடைசித் தவணைக்கு நேரம் பத்தவில்லை போலிருக்கிறது என்றார். தொடர்ந்து தட்டுகளை எடுத்து, ஒவ்வொன்றையும் பார்த்துவிட்டு வழித்தார். அந்த இடத்தைவிட்டுப் போகவில்லை.

தொட்டி நிறைந்தது. முகத்தைத் துடைத்துக்கொண்டு, அதைத் தராசுப் பக்கம் உருட்டினேன். பலகையில் ஏற்றப் போகும்போது அவர் கையை நீட்டித் தடுத்தார்.

“இரு. முதல்ல காலித் தொட்டிய வை.”

ஓரத்தில் இருந்த காலித் தொட்டி ஒன்றை உருட்டி வந்து ஏற்றினேன். எண்ணைச் சொல்ல வாயைத் திறந்தேன். அதற்குள் அவர் கையை ஏப்ரனில் துடைத்துக்கொண்டு என்னைத் தாண்டி வந்து, குனிந்து, தராசைத் தானே படித்தார்.